குருமனையில் பிறந்த சங்கம்: மேரி சம்னரின் வாழ்க்கை



இந்தக் கல்லூரியில் இன்றைய உரையை நடத்தும் அறக்கட்டளை, ஒரு தாயின் பெயரால் அவருடைய பிள்ளைகள் வைத்தது. அழைப்பிதழில் அவரைப் பற்றி மூன்று செய்திகள் அச்சாகியிருக்கின்றன. குடும்பத்தை நடத்தினார், ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னார், ஊருக்கு உழைத்தார். அதைப் படித்தவுடனே இன்றைக்கு யாரைப் பற்றிப் பேசுவது என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. இதே மூன்று செய்திகளுக்குள் அடக்கிவிடக்கூடிய, ஆனால் அடக்கிவிடக் கூடாத ஒரு வாழ்க்கை அது. 1828இல் பிறந்து 1921இல் மறைந்த மேரி சம்னர் என்ற ஆங்கிலப் பெண்மணியின் வாழ்க்கை. ‘மதர்ஸ் யூனியன்’ என்று உலகெங்கும் அறியப்படும் தாய்மார் சங்கத்தைத் தொடங்கியவர் அவர்.

இப்படிப்பட்ட பெண்களைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் எடுக்கிறோம்: தியாகம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தியாகி என்று மாலை போட்டுவிட்டால், அவர் என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார், அதற்கு என்ன திறமை வேண்டியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. சம்பளம் இல்லாத வேலை என்பதாலேயே அது வேலைக் கணக்கில் சேராமல் போகிறது. மேரி சம்னர் இந்த வழக்கத்தை உள்ளிருந்தபடியே மறுத்தவர். பிள்ளை வளர்ப்பு கற்றுக்கொள்ள வேண்டிய வேலை, கூடிப் பேச வேண்டிய வேலை, நாட்டையே பாதிக்கிற வேலை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை ஓர் அமைப்பாகவும் ஆக்கிக் காட்டினார். நான் சொல்ல வந்தது இதுதான்.

அவருடைய இளமைக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டருக்கு அருகே ஸ்விண்டன் என்ற ஊரில், வங்கித் தொழில் செய்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் ஹேவுட் பின்னாளில் ஹெரஃபோர்ட்ஷயரில் ஹோப் எண்ட் என்ற பண்ணை மாளிகையை வாங்கி அங்கே குடியேறினார். கவிஞர் எலிசபெத் பேரட் பிரவுனிங் சிறுவயதில் வளர்ந்த வீடு அது. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். மேரி வீட்டிலேயே படித்தார், மொழிகள் கற்றார், நன்றாகப் பாடினார். இசை பயில ரோம் நகருக்குப் போன இடத்தில் ஜார்ஜ் ஹென்றி சம்னரைச் சந்தித்தார். ஜார்ஜ், வின்செஸ்டர் பேராயர் சார்லஸ் சம்னரின் மகன். 1848 ஜூலையில் திருமணம். இரண்டு பெண்களும் ஒரு பையனுமாக மூன்று பிள்ளைகள். அந்தப் பையன் ஹேவுட் சம்னர் பின்னாளில் ஓவியராகவும் தொல்லியல் ஆய்வாளராகவும் பெயர் பெற்றார்.

1851இல் குடும்பம் ஹாம்ப்ஷயரில் உள்ள ஓல்டு ஆல்ரஸ்ஃபோர்டு என்ற கிராமத்துக்கு வந்தது. ஜார்ஜ் அங்கே சபைப் போதகர். முப்பது ஆண்டுகளுக்கும் மேல், போதகர் குடியிருக்கும் அந்தக் குருமனைதான் அவர்கள் வீடு.

குருமனையில் வாழ்ந்த பெண்கள் இந்த அரங்கிலும் சிலர் இருக்கிறீர்கள். அந்த வாழ்க்கை என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சம்பளம் போதகருக்கு வரும்; வேலை போதகரம்மாவுக்கும் வரும். வேதபாட வகுப்பு எடுக்க வேண்டும், பாடகர் குழுவைப் பழக்க வேண்டும், நோயாளிகளைப் பார்க்கப் போக வேண்டும், வீட்டு வாசலில் நிற்பவருக்கு எந்த நேரத்திலும் முகம் கொடுக்க வேண்டும். மேரி இத்தனையும் செய்தார், அதுவும் மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே. ‘கணவருக்கு உதவினார்’ என்று வாழ்க்கைக் குறிப்புகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கால் நூற்றாண்டு நாள்தோறும் செய்த வேலைக்கு அந்த ஒரு வரி எப்படிப் போதும்? ஒரு கிராமத்துக் குடும்பங்களின் உள்விவரம் அனைத்தும் தெரிந்த பெண்மணியாக அவரை ஆக்கியது அந்த வேலைதான். பின்னாளில் அவர் பேசியதெல்லாம் அந்தக் கிராமத்து அடுப்படிகளில் அவர் கண்டவை.

1876இல் மூத்த மகள் மார்கரெட்டுக்கு முதல் குழந்தை பிறந்தது. பேரப்பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாருக்கும் வரும் மகிழ்ச்சி மேரிக்கும் வந்தது. கூடவே பழைய பயம் ஒன்றும் நினைவுக்கு வந்தது. தன் முதல் குழந்தையைக் கையில் வாங்கிய நாளில், இந்த உயிருக்கு நான் பொறுப்பு, ஆனால் இதற்கு என்னை யாருமே தயார் செய்யவில்லையே என்று அவர் கலங்கியிருந்தார். வசதி, படிப்பு, தாதி, வேலையாட்கள் எல்லாம் சூழ இருந்தும் அந்தக் கலக்கம். அப்படியானால் கூலிக்காரர் வீட்டு இளந்தாய் என்ன பாடுபடுவாள்?

அந்தக் காலத்து இங்கிலாந்தின் நிலையை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். உலகின் பெரிய பேரரசாக இருந்த அந்த நாட்டில், பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துகொண்டிருந்தன. அழுகிற குழந்தையைத் தூங்க வைக்க அபின் கலந்த மருந்துகளைக் கடையில் வாங்கிப் புகட்டுவது சாதாரண வழக்கம். மதுக்கடைக்குப் பீர் வாங்கிவரச் சிறுபிள்ளைகளை அனுப்புவார்கள். மேல்தட்டு வீடுகளில் நிலைமை வேறு விதமாகக் கெட்டிருந்தது. அங்கே பிள்ளையைத் தாதியிடமும் வீட்டாசிரியையிடமும் ஒப்படைத்துவிட்டு, மாலையில் அரைமணி நேரம் பார்த்தால் போதும் என்றிருந்தார்கள்.

சட்டம் இதைவிட மோசம். 1839 வரை, தாய்க்குத் தன் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளச் சொந்த உரிமை என்று எதுவும் இல்லை. கணவனிடமிருந்து பிரிந்தால் பிள்ளை கணவனுக்குத்தான். அந்த ஆண்டு வந்த சட்டம், ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்காக நீதிமன்றத்தில் மனுப்போடத் தாய்க்கு வழி செய்தது. அதைப் பதினாறு வயது வரை நீட்டிக்க 1873 வரை ஆயிற்று. தாய்மை புனிதம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்ட நாட்டில் தாயின் உரிமை இந்த அளவில்தான் இருந்தது. மேரி சட்டத்தை மாற்றப் போராடியவர் அல்லர். வாக்குரிமைப் போராட்டத்தின் தலைவியரில் அவர் பெயர் இல்லை. ஆனால் ‘தாய்’ என்று சொல்லிக்கொண்டு பொது இடத்தில் எழுந்து நிற்கும் பெண்ணை, வேறு எந்தக் காரணத்துக்காகவும் பெண்கள் பேசுவதை விரும்பாத அந்தத் திருச்சபையால்கூட உட்காரச் சொல்ல முடியாது. அதை அவர் புரிந்துகொண்டார். யோசித்துச் செய்தாரா, இயல்பாக வந்ததா என்பது வேறு கேள்வி. தனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வாசலை அவர் அடையாளம் கண்டார், அதன் வழியே முழுவதுமாக நடந்தார் என்பதே என் கருத்து.

சபையிலுள்ள தாய்மாரை எல்லாம் குருமனைக்கு அழைத்தார். பண்ணையாரின் மனைவியும் வந்தார், வயலில் வேலை செய்பவரின் மனைவியும் வந்தார். ஒரே கூடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இது சிறிய காரியம் அல்ல. ஏழைத் தாய்மாருக்குப் புத்தி சொல்லும் கூட்டங்கள் அதற்கு முன்பும் பல ஊர்களில் நடந்தன. அவற்றில் சீமாட்டி பேசுவாள், ஏழைப் பெண் கேட்பாள். மேரியின் எண்ணம் அப்படிப்பட்டதாக இல்லை. பிள்ளை வளர்க்கத் தெரியாமல் திணறுவதில் பணக்காரியும் ஏழையும் ஒன்றுதான், இருவருமே கற்க வேண்டும், இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

ஆனால் அந்த முதல் நாளில் அவரால் பேச முடியவில்லை. அச்சத்தில் நா எழவில்லை. இத்தனை ஆண்டுகளாக இதே பெண்களின் வீடுகளுக்குப் போய்வந்தவர், இதே பெண்களுக்கு வேதபாடம் சொன்னவர், எழுந்து பேச வேண்டிய கணத்தில் தயங்கி நின்றுவிட்டார். அடுத்த வாரம் வாருங்கள் என்று எல்லாரையும் அனுப்பி வைக்கும்படி கணவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. மாணவியரே, மேடையில் உங்களுக்கு நடுக்கம் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மறுவாரம் அவர்கள் வந்தார்கள், அவரும் பேசினார். அதைத்தான் தாய்மார் சங்கத்தின் தொடக்கம் என்று கொண்டாடுகிறார்கள்.

வந்தவர்களுக்கு ஓர் அட்டை கொடுத்தார். பிள்ளைகளை ஞானஸ்நானத்தில் உடலும் ஆத்துமாவுமாக இயேசு கிறிஸ்துவுக்கு ஒப்படைப்பது அதன் உறுதிமொழி. அதோடு நடைமுறைக்கான சொற்களும் சேர்ந்தன. பிள்ளைகளோடு தினமும் ஜெபியுங்கள், அவர்கள் என்ன படிக்கிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்று கவனியுங்கள், மதுக்கடைக்கு அனுப்பாதீர்கள். பார்வைக்கு எளிமையான அட்டைதான். ஆனால் எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஒரு கூலிக்காரரின் மனைவி, தன் பெயர் எழுதிய அட்டையைச் சுவரில் மாட்டி வைக்கிறாள் என்றால், அவள் அன்றாடம் செய்கிற வேலைக்கு முதல்முறையாக ஒரு சான்று கிடைத்திருக்கிறது. பின்னாளில் சங்கம் வளர்ந்தபோது, படித்த சீமாட்டிகளுக்கு ஓர் அட்டையும் குடிசைத் தாய்மாருக்கு வேறோர் அட்டையுமாக அது பிரிந்தது. எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்த அந்த முதல் நாளின் உணர்வுக்கு இது பொருந்தாத செயல். வர்க்கம் என்பது அவ்வளவு எளிதில் கரைவதில்லை.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் இது ஒரு கிராமத்துச் சபைக்கு உள்ளேயே இருந்த காரியம். புகழ் எதுவும் இல்லை, பத்திரிகைகள் எழுதவில்லை. கூட்டம் கூடியது, பேசினார்கள், கலைந்தார்கள், மீண்டும் கூடினார்கள். வாழ்க்கை வரலாறுகள் 1876இலிருந்து 1885க்கு ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன. அந்த ஒன்பது ஆண்டுகள் இல்லாமல் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. தாய்மார் கூட்டத்தில் எதைப் பேசினால் மனத்தில் ஏறும், எது ஏறாது என்பதை அவர் கற்றது அப்போதுதான்.

1885இல் போர்ட்ஸ்மவுத் நகரில் திருச்சபை மாநாடு. அதில் உழைக்கும் பெண்களுக்கென்று ஒரு கூட்டம். பேச வேண்டியவர் நியூகாசல் பேராயர் எர்னஸ்ட் வில்பர்ஃபோர்ஸ். அரங்கம் நிறைந்துவிட்டது. பேராயர் அந்தப் பெண்களைப் பார்த்தார். இவர்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, மேரி சம்னரிடம் இருக்கிறது என்று உணர்ந்தார். தன் இடத்தில் அவரைப் பேச அழைத்தார். அந்தக் காலத்து மாநாட்டு மேடையில் ஒரு பேராயர் தன் நேரத்தை ஒரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்ததை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்துத் திருச்சபையில் பெண்கள் குருத்துவ அபிஷேகம் பெற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

மேரி எழுந்தார். நாட்டின் ஒழுக்கம் எங்கே உருவாகிறது என்று கேட்டு, உங்கள் வீடுகளில்தான், உங்கள் கைகளில்தான் என்று அந்தப் பெண்களிடம் சொன்னார். குடிப்பழக்கமும் ஒழுக்கக் கேடும் பெருகிவிட்டன என்று நாடே பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது. சிறுமியரைப் பாதுகாக்க, உடலுறவுக்கு இணங்கும் வயதை 13இலிருந்து 16ஆக உயர்த்திய சட்டம் அதே 1885இல்தான் நிறைவேறியது. அந்தச் சூழலில், கப்பல் துறைமுக நகரத்தில், மாலுமிகளின் மனைவியரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் நிறைந்த அரங்கில், அவர்களைப் பரிதாபத்துக்கு உரியவர்களாகப் பார்க்காமல் பொறுப்புக்கு உரியவர்களாகப் பார்த்து ஒருவர் பேசினார். அவர்கள் எழுச்சி கொண்டதில் வியப்பில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தன் வீட்டுக் கூடத்தில் நா எழாமல் நின்றவர்தான் அன்று பேசினார்.

அதன்பிறகு வேகம்தான். வின்செஸ்டர் பேராயர் ஹெரால்டு பிரவுன் இந்தச் சங்கத்தைத் தன் பொறுப்பிலிருந்த திருமண்டலம் முழுவதற்குமான அமைப்பாக ஏற்றார். மற்ற திருமண்டலங்களும் பின்தொடர்ந்தன. 1888இல் சங்கத்தின் இதழ் வெளிவரத் தொடங்கியது. 1891இல் படித்த தாய்மாருக்காக இன்னோர் இதழ் வந்தது. அதன் ஆசிரியர், புகழ்பெற்ற நாவலாசிரியை ஷார்லட் யங். அவர் திருமணமே செய்துகொள்ளாதவர். தாய்மை பற்றிய இதழைத் தாயல்லாத ஒரு பெண் திறம்பட நடத்தினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிள்ளை வளர்ப்பு பிறவியில் வரும் உணர்வு மட்டும் அல்ல, சிந்தித்துப் பேசி வளர்க்க வேண்டிய அறிவு என்ற மேரியின் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று உண்டா? 1892இல் 28 திருமண்டலங்களில் 60,000 உறுப்பினர்கள். 1900இல் 1,69,000. 1896இல் மத்திய ஆலோசனைக் குழு அமைந்தது, மேரி அதன் தலைவரானார். 1897இல் விக்டோரியா அரசி புரவலரானார்.

இந்த வளர்ச்சியில் அவருடைய குடும்பத் தொடர்புகளுக்குப் பங்கு இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. மாமனார் பேராயராக இருந்தவர். கணவர் ஜார்ஜ் 1885இல் வின்செஸ்டர் ஆர்ச்டீக்கன் ஆனார், 1888இல் கில்ஃபோர்டு துணைப் பேராயர் ஆனார். பேராயர்களின் மனைவியர் பலர் மேரிக்கு அறிமுகமானவர்கள். ஒரு கூலிக்காரரின் மனைவிக்கு இதே எண்ணம் தோன்றியிருந்தால் அது அவள் தெருவைத் தாண்டியிருக்காது. ஆனால் அதே செல்வாக்கு உடைய பேராயர் மனைவியர் வேறு பலரும் இருந்தார்கள். கிளைதோறும் பெயர்ப் பதிவேடு, சந்தா, மாதக் கூட்டம், அறிக்கை, இதழ் என்று சம்பளம் வாங்காத பெண்களை வைத்தே இவ்வளவு பெரிய நிர்வாகத்தை நடத்திக் காட்டியவர் இவர். இதை ஓர் ஆண் செய்திருந்தால் மாபெரும் நிர்வாகி என்று எழுதியிருப்பார்கள். இவரைப் பக்தியுள்ள பெண்மணி என்று எழுதினார்கள். இரண்டும் உண்மை என்பதால்தான் இரண்டையும் எழுத வேண்டும் என்கிறேன்.

இனி, எனக்கு வருத்தம் தரும் பகுதிக்கு வருகிறேன். திருமணம் முறிக்க முடியாதது என்பது சங்கத்தின் உறுதியான கொள்கை. 1857இல் வந்த விவாகரத்துச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக இல்லை. மனைவி பிறரோடு உறவு வைத்தாள் என்று காட்டினால் கணவனுக்கு விடுதலை கிடைக்கும். மனைவி விடுதலை கேட்டால், கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமையோ கைவிடலோ வேறு ஏதாவதோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு 1923 வரை நீடித்தது. 1909இல் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்து விவாகரத்துச் சட்டத்தை எளிதாக்கலாமா என்று ஆராய்ந்தபோது, தாய்மார் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. விவாகரத்தான பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லை என்ற விதி மேரி மறைந்த பிறகும் 1970களின் முற்பகுதி வரை இருந்தது.

அந்தத் தலைமுறையின் விசுவாசத்தை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயம் இல்லை என்பதை அறிவேன். குடும்பம் சிதைந்தால் முதலில் நொறுங்குவது பிள்ளைகள் என்று அவர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். சொத்தும் வேலையும் இல்லாத பெண்ணுக்குத் திருமணம் ஒன்றே பாதுகாப்பு என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும் அடிபட்டுக் கைவிடப்பட்டு, தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய்க்குத்தான் மற்ற தாய்மாரின் துணை எல்லாரைவிடவும் அதிகமாகத் தேவை. அவளை வாசலில் நிறுத்திவிட்டுத் தாய்மையைப் போற்றிய சங்கம் தன் முதல் நாளைத் தானே மறந்தது என்றுதான் நான் சொல்வேன். அந்த விதியை மாற்றியவர்களும் அதே சங்கத்துப் பெண்கள்தான். நம் சபைகளிலும் இத்தகைய வாசல்கள் உண்டு. விதவைகளுக்கும் கணவனைப் பிரிந்தவர்களுக்கும் பிள்ளையில்லாதவர்களுக்கும் நம் பெண்கள் கூட்டங்களில் எந்த வரிசையில் இடம் கொடுக்கிறோம், மணவிழாவில் யாரை முன்னே அழைக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும்.

மேரி 1909 வரை, எண்பது வயது வரை தலைமைப் பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ் இறந்தார். அறுபத்தொரு ஆண்டு இல்வாழ்க்கை. மறுஆண்டே கணவரின் வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். பெண்கள் வாக்களித்ததை அவர் கண்ணால் கண்டார். 1921 ஆகஸ்டில், 92 வயதில் வின்செஸ்டரில் காலமானார். பேராலய வளாகத்தில் கணவருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபை நாட்காட்டியில் ஆகஸ்ட் 9 அவர் நினைவு நாள். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் உள்ள சங்கத்தின் தலைமையகம் ‘மேரி சம்னர் இல்லம்’ என்ற பெயரில் 1925இல் திறக்கப்பட்டது.

இன்று அந்தச் சங்கத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நாற்பது லட்சம் பேர் உறுப்பினர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இங்கிலாந்துக்கு வெளியே, குறிப்பாக ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள். பேரரசின் கப்பலில் ஏறிப்போன அமைப்பு, பேரரசு போன பிறகு அந்தந்த நாட்டுப் பெண்களின் கைக்கு வந்துவிட்டது. புருண்டியிலும் மலாவியிலும் அது முதியோர் கல்வி நடத்துகிறது, சிறுசேமிப்புக் குழுக்கள் அமைக்கிறது. இலங்கையின் ஆங்கிலிக்கன் சபைகளிலும் தாய்மார் சங்கம் வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில், 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி ஆங்கிலிக்கன் சபைகளும் மெதடிஸ்ட் சபைகளும் பிறவும் ஒன்றானபின், பெண்களின் பணி பெண்கள் ஐக்கிய சங்கம் என்ற பெயரில் சபைதோறும் நடக்கிறது.

இந்த ஐக்கிய சங்கத்தின் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். சோறு பொங்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற பெண்கள். சபை விருந்தான அசனத்துக்குக் காய் நறுக்குகிறவர்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் படுக்கையருகே உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, போகும்போது தலையணைக்கு அடியில் பணம் வைத்துவிட்டுப் போகிறவர்கள். இவர்களில் யாருடைய வாழ்க்கையையாவது நாம் எழுதி வைத்திருக்கிறோமா? மேரி சம்னரைப் பற்றி இன்று நான் இவ்வளவு விவரமாகப் பேச முடிகிறது என்றால், அவர் சங்கம் அறிக்கைகளையும் இதழ்களையும் பதிவேடுகளையும் பாதுகாத்து வைத்ததுதான் காரணம். நம் சங்கங்களின் செயலாளர்களும் கூட்டக் குறிப்பு எழுதத்தான் செய்கிறார்கள். அந்த நோட்டுகள் ஒரு செயலாளர் போய் அடுத்தவர் வரும்போது பரணில் ஏறுகின்றன, பிறகு கறையான் தின்கிறது.

அதனால் இந்தக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கும் தமிழ்த் துறைக்கும் ஒரு வேண்டுகோள். இந்த அறக்கட்டளையின் வருமானத்தில் ஒரு பகுதியை, சுற்றுவட்டாரச் சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கக் குறிப்பேடுகளைத் திரட்டவும் படியெடுக்கவும் ஒதுக்குங்கள். மூலத்தை அந்தந்தச் சபையிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். மாணவியர் வயதான உறுப்பினர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், சங்கத்துக் கணக்கை யார் எழுதினார்கள், பிடி அரிசியை விற்ற காசு எங்கே போனது, வெள்ளம் வந்த ஆண்டில் யார் முடிவெடுத்தார்கள், யாரைச் சேர்க்க மறுத்தீர்கள், ஏன் என்று கேளுங்கள். அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் இங்கேயே இருக்கிறீர்கள். உங்கள் தாயார் கைப்பட எழுதிய குறிப்பேடு ஏதாவது வீட்டில் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம்.